தண்ணீரில் இறங்காமலே ஸ்ட்ரோக் ஆராய்வது எப்படி?

ஒலிம்பிக்கில் நீச்சல் குளத்துப் போட்டிகள் ஒன்பதே நாளில் முடிந்துவிடும். அதற்குள் நீங்கள் நிபுணராகிவிட வேண்டும். கஷ்டமே இல்லை. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது. தெரிந்தவர்கள் "அளந்து பார்த்துத்தான் சொல்லணும்" என்று இழுப்பார்கள். நீங்கள் சோபாவிலிருந்தே சொல்லிவிடலாம். கீழே உள்ளவற்றில் பாதியை ஏற்கெனவே திறம்படச் செய்துவருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மீதியையும் பழகிக்கொண்டால் உங்கள் அபார்ட்மென்ட் குளத்தங்கரையில் உங்களை மிஞ்ச ஆளிருக்காது.

1. முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்

பந்தயம் நடக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். எட்டு லேனிலும் எட்டுப் பேரும் அபாரமாகத்தான் நீந்துவார்கள்; யாருடைய ஸ்ட்ரோக்கில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கோர்போர்டு வரட்டும். முதலில் வந்தவருடையது நல்ல ஸ்ட்ரோக். இரண்டாவதாக வந்தவரிடம் பிழை இருந்தே தீரும். தேடுங்கள்.

ஆடம் பீட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன்காரர், பிரெஸ்ட் ஸ்ட்ரோக். 2019 குவாங்ஜு உலகப் போட்டியில் 100 மீட்டரை 56.88 வினாடியில் முடித்தார். 57 வினாடிக்குள் வந்த முதல் மனிதர். அன்று ராத்திரி நீங்கள் சொல்ல வேண்டியது: "கையை எவ்வளவு வேகமா மாத்துறான் பாருங்க, அதுதான் ரகசியம்." ஐந்து வருஷம் கழித்து பாரிஸ் ஒலிம்பிக். இத்தாலியின் நிக்கோலோ மார்ட்டினெங்கி 59.03, பீட்டி 59.05. இப்போது சொல்ல வேண்டியது: "கையை ரொம்ப வேகமா மாத்துறான், அதுதான் பிரச்சினை." வினாடியில் நூறில் இரண்டு பங்கு என்றால் அந்த வேகத்தில் மூன்றரை சென்டிமீட்டர்கூட வராதே என்று யாராவது கணக்குப் போட்டால் முறைத்துப் பாருங்கள். மறுநாள் பீட்டிக்குக் கோவிட் என்று செய்தி வந்தது. இந்த மாதிரிச் செய்திகளைப் படிக்காமல் தாண்டப் பழகுங்கள். காய்ச்சல் ஸ்ட்ரோக்கில் சேராது.

2. மேலே தெரிவதை மட்டும் பாருங்கள்

ஃப்ரீஸ்டைலில் கை தண்ணீரை விட்டு வெளியே வந்து, காற்றில் சுற்றி, மறுபடி முன்னால் இறங்குகிறதே, அந்தப் பாகத்துக்கு ரிகவரி என்று பெயர். அந்த நேரத்தில் அந்தக் கை ஆளை ஓர் அங்குலம்கூட முன்னே தள்ளுவதில்லை. ஆனால் டிவியில் பளிச்சென்று தெரிகிறது. ஆகவே அதைத்தான் ஆராய வேண்டும். முழங்கை உயரமா தாழ்வா, கை நேரா மடக்கா, விரல்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று காபி ஆறும் வரை பேசலாம்.

அடியில் நடப்பதை எட்டிப் பார்க்காதீர்கள். அங்கே விரல்நுனி கீழ்நோக்கித் திரும்புகிறது. முழங்கை மேலேயே நிற்க, முன்கை மட்டும் மடங்கிச் செங்குத்தாகிறது. உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே பரப்பாகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, கேட்ச் எனப்படும் அந்தப் பிடியைத் தாண்டி உடம்பு முன்னே போகிறது. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். நுரை வேறு மறைக்கும். இதையெல்லாம் பார்க்கிறேன் என்று கிளம்பினால் உங்கள் கருத்தைச் சொல்ல நேரமிருக்காது.

அப்படிப் பார்க்கப் போனவர் கதையைச் சொல்கிறேன். இந்தியானா பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த ஜேம்ஸ் கவுன்சில்மேன் தண்ணீருக்கடியில் கேமராவை வைத்துப் படம் பிடித்தார். கை நேராகப் பின்னால் போகும் என்று பார்த்தால், படத்தில் அது வளைந்து வளைந்து போனது. விமானத்தின் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையைப் போல ஒன்று அந்த வளைவில் கிடைக்கிறது என்றார். கோச்சுகள் பிள்ளைகளைத் தண்ணீருக்குள் எஸ் எழுதச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள், அந்த வளைவில் கணிசமான பங்கு உடம்பு பக்கவாட்டில் புரள்வதால் தானாக வருவது என்றார்கள். கேமராவோடு இறங்கியவருக்கே பாதிதான் அகப்பட்டது. நீங்கள் பார்க்காமலே முழுசாகச் சொல்கிறவர். கல்யாணப் பந்திக்கு வெளியே நின்று வாசனை பிடித்தே சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லும் பெரியப்பாவின் தன்னம்பிக்கை உங்களிடம் இருக்க வேண்டும்.

3. ஆளுக்கு ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடியுங்கள்

சாம்பியனிடம் மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். அதுதான் வெற்றிக்குக் காரணம். மற்றவர்களிடமும் இருப்பவை, அதாவது விடிகாலைப் பயிற்சி, வருஷக்கணக்கான உழைப்பு, நல்ல கேட்ச் போன்றவை, எல்லோரிடமும் இருப்பதால் ஆராயத் தகுதியற்றவை.

இதற்கு வழிகாட்டிகள் சோவியத் கோச்சுகள். 1972 மியூனிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வாங்கினார், ஏழும் உலக சாதனை. நீச்சல்காரர்கள் கால் மயிரைக்கூட மழித்துவிட்டு இறங்குகிற விளையாட்டில் மனிதர் அடர்த்தியான மீசையோடு இறங்கினார். சோவியத் கோச் ஒருவர் வந்து, மீசை வேகத்தைக் குறைக்காதா என்று கேட்டாராம். ஸ்பிட்ஸ் முகத்தை மாற்றாமல், இல்லையே, இது தண்ணீரை வாய்ப்பக்கம் வரவிடாமல் ஒதுக்குகிறது, அதனால்தான் இந்த வேகம் என்று அளந்துவிட்டிருக்கிறார். அடுத்த வருஷம் சோவியத் அணியின் ஆண்கள் எல்லோரும் மீசையோடு வந்தார்கள் என்று ஸ்பிட்ஸே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் சொல்கிற கதைதான். கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் அந்தக் கோச்சின் ஆராய்ச்சி முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெயித்தவரைப் பார்த்தார், கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்டார், ஊருக்குப் போய் அமல்படுத்தினார். நீங்களும் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்.

4. பெருக்கல் வாய்ப்பாட்டை மறந்துவிடுங்கள்

நீந்தும் வேகம் என்பது ஒரு ஸ்ட்ரோக்கில் போகும் தூரத்தை, ஒரு நிமிடத்தில் போடும் ஸ்ட்ரோக்குகளால் பெருக்கி வருவது. இரண்டு எண், ஒரு பெருக்கல். இது தெரிந்துவிட்டால் பேச்சு செத்துவிடும். எனவே இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடாதீர்கள்.

நீளக்கட்சியில் சேர்ந்தால் ரஷ்யாவின் அலெக்சாண்டர் போபோவைக் காட்டுங்கள். 1992, 1996 இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் அவருக்குத்தான். அவசரமே தெரியாத நீண்ட ஸ்ட்ரோக். "பார், நீளம்தான் எல்லாம்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். வேகக்கட்சியில் சேர்ந்தால் அமெரிக்காவின் ஜேனட் எவன்ஸ். கையை மடக்காமல் விறுவிறுவென்று சுற்றுவார். பார்த்தால் அழகாகவே இருக்காது. 1988 சியோலில் மூன்று தங்கம். அங்கே 400 மீட்டரில் போட்ட 4:03.85ஐ முறியடிக்க 2006 வரை ஆகியிருக்கிறது. "பார், வேகம்தான் எல்லாம்."

ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று இருப்பது உத்தமம். போபோவ் நெடிய ஆள், எவன்ஸ் குட்டையான பெண், ஒருவர் 100 மீட்டர்காரர், இன்னொருவர் 800 மீட்டர்காரர், அவரவர் உடம்புக்கும் தூரத்துக்கும் ஏற்றதை அவரவர் செய்தார்கள் என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னால் இருவரும் சேர்ந்து எதிருங்கள்.

இரண்டு கட்சியும் பிடிக்காதவர்களுக்குக் கால் இருக்கிறது. ஃப்ரீஸ்டைல் சாம்பியன் இயன் தார்ப்புக்கு 17ஆம் சைஸ் பாதம். முடிந்தது விஷயம்.

5. எதையும் எண்ணாதீர்கள்

ஸ்டாப்வாட்ச் உங்கள் எதிரி. மொபைலில் அது இருந்தால் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளிவிடுங்கள். எண்ணுவது நீந்துகிறவர்கள் வேலை. பேக் ஸ்ட்ரோக்காரர்கள் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் தலைக்கு மேலே தொங்கும் கொடியைப் பார்த்து, அங்கிருந்து இத்தனை ஸ்ட்ரோக்கில் சுவர் என்று எண்ணித்தான் திரும்புகிறார்கள். 2008 பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசியில் சுவரே தெரியவில்லை. மனிதர் ஸ்ட்ரோக்கை எண்ணிக்கொண்டே போய்ச் சரியாகச் சுவரைத் தொட்டார்: 1:52.03, உலக சாதனை. கண் தெரியாதவருக்கு எண்ணிக்கை தேவைப்படும். உங்களுக்கு 55 அங்குல டிவி இருக்கிறது.

6. படத்தை நிறுத்தி வட்டம் போடுங்கள்

ஓடும் வீடியோவில் எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதால் எதுவும் நிரூபிக்க முடியாது. நிறுத்துங்கள். பெரிதாக்குங்கள். முழங்கையில் சிவப்பு வட்டம், தோளிலிருந்து இடுப்புக்கு மஞ்சள் கோடு. கோணம் குளத்துக் கூரைக் கேமராவிலிருந்து வந்தது, தண்ணீருக்குள் இருக்கும் கை ஒளி வளைவதால் இடம் மாறித் தெரிகிறது என்பதெல்லாம் இயற்பியல் வாத்தியார் பாடு. வட்டம் போட்டாலே பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள். அம்புக்குறியும் சேர்த்தால் மீதிப் பேர்.

பயிற்சிக்கு அதே பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையின் கடைசி நொடியை எடுங்கள். பாதித் தூரத்தில் ஏழாவதாகத் திரும்பிய ஃபெல்ப்ஸ் கடைசியில் பக்கத்தில் வந்துவிட்டார். முன்னால் இருந்த செர்பியாவின் மிலோராத் சாவிச் கையை நீட்டியபடி வழுக்கிக்கொண்டே சுவரை நோக்கிப் போகிறார். ஃபெல்ப்ஸ் வழுக்கவில்லை, நடுவே ஓர் அரை ஸ்ட்ரோக்கை அடித்து இறங்குகிறார். 50.58, 50.59. செர்பிய அணி முறையிட்டது, படங்களைக் காட்டியபின் முறையீடு தள்ளுபடி. சுவரிலுள்ள பலகையை அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும். பக்கத்தில் வந்தால் போதாது.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டிய விதி: எப்போதும், எல்லா ஸ்ட்ரோக்கிலும், எல்லா வயதிலும், சுவருக்குமுன் அரை ஸ்ட்ரோக் கூடுதலாக அடிக்க வேண்டும். சுவருக்கு எவ்வளவு தூரம் மிச்சம் என்பதைப் பொறுத்தது என்று சொல்கிறவர்கள் விதி எழுதத் தெரியாதவர்கள். சாவிச்சின் விரல் ஒரு பொட்டு முன்னால் அழுத்தியிருந்தால் இன்று நீங்கள் "கடைசியில் வழுக்க வேண்டும், அடிக்கவே கூடாது" என்று அதே உறுதியோடு எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்பதை நினைத்து ஒரு கணம் பெருமைப்படுங்கள்.

7. சுவர் வரும்போது எழுந்து போய் முறுக்கு எடுத்து வாருங்கள்

டைவுக்குப் பிறகும் டர்னுக்குப் பிறகும் ஆள் தண்ணீருக்கடியில் போவார். அப்போது கையே அசையாது. கை அசையாதபோது ஸ்ட்ரோக் ஏது? முறுக்கு டப்பா அலமாரியில் இருக்கிறது.

1988 சியோலில் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக். அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் மல்லாந்தபடியே தண்ணீருக்கடியில் டால்பின் கிக் அடித்து முதல் நீளத்தில் 30 மீட்டருக்கு மேல் போய் எழுந்தார். தகுதிச் சுற்றிலேயே 54.51, உலக சாதனை. இறுதியில் அவரை ஜெயித்த ஜப்பானின் டாய்ச்சி சுசுகியும் அதே வித்தைக்காரர்தான்: 55.05. நீர்ப்பரப்பில் நீந்தினால் உடம்பு அலையை உண்டாக்கி அந்த அலையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆழத்தில் அந்தத் தொல்லை குறைவு. பேக் ஸ்ட்ரோக் பந்தயம் முக்குளிப்புப் பந்தயம் ஆகிவிடும்போலிருக்கிறதே என்று பயந்து சர்வதேசச் சம்மேளனம் முதலில் 10 மீட்டர், பிறகு 15 மீட்டர் என்று வரம்பு வைத்தது. பட்டர்ஃபிளை, ஃப்ரீஸ்டைலுக்கும் அந்த 15 மீட்டர் வந்தது. ஸ்ட்ரோக்கே இல்லாத இடத்தில் இவ்வளவு லாபம் இருந்திருக்கிறது, சட்டம் போட்டு நிறுத்துகிற அளவுக்கு. நீங்கள்தான் அப்போது அடுப்படியில் இருந்தீர்கள்.

2024 ஜூலை 31, பாரிஸ். 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் கடைசித் திருப்பம் வரை ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக் முன்னால். உலக சாதனையே அவருடையதுதான். பிரெஞ்சுப் பையன் லியோன் மர்ஷான் கடைசிச் சுவரை உதைத்துவிட்டு உள்ளேயே இருக்கிறார், இருக்கிறார், வெளியே வரும்போது ஏறக்குறைய மிலாக்குக்குப் பக்கத்தில். தங்கம். அதே இரவில் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் தங்கம். நீங்கள் முறுக்கோடு திரும்பி வந்து உட்கார்ந்து, "கடைசி 30 மீட்டர்ல கையை நல்லா வீசினான்ல" என்று சொல்லுங்கள்.

8. உடையைப் பற்றிப் பேச்செடுத்தால் காதைப் பொத்துங்கள்

2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. ஒரே வருஷத்தில் மனித குலத்துக்கே ஸ்ட்ரோக் திருந்திவிட்டது என்று எழுதுங்கள். தார்ப்பின் 400 மீட்டர் சாதனை 3:40.08ஐ அங்கே ஜெர்மனியின் பால் பீடர்மன் 3:40.07 ஆக்கினார். பெரும்பாலோர் பாலியூரிதேன் பூசிய உடம்பு முழுக்க மூடும் உடையில் இருந்தார்கள், 2010 ஜனவரி முதல் அவை தடை செய்யப்பட்டன என்பது தையல்காரர் விஷயம்.

9. சொற்களைச் சேமியுங்கள்

கேட்ச். ரொட்டேஷன். டெம்போ. ஹை எல்போ. இந்த நான்கையும் எந்த வரிசையில் போட்டாலும் வாக்கியம் தேறும். மடக்கிக் கேள்வி கேட்டால் "தண்ணியோட ஃபீல் வேணும் சார்" என்று சொல்லிவிட்டுத் தூரத்தைப் பாருங்கள். இதற்கு மறுகேள்வி கேட்டவர் இதுவரை கிடையாது.

10. பிள்ளையிடம் பிரயோகியுங்கள்

இதற்காகத்தான் இத்தனையும். கோடை வகுப்புக்குச் சேர்த்திருக்கிறீர்கள். பையன் கிக் போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டு, சுவரோரமாகக் காலை உதறிக்கொண்டிருக்கிறான். மாஸ்டர் அவன் வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்து, "மூச்சை உள்ளே விடு, வெளியே இழு" என்று நூறாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதுதான் நீங்கள் நுழைய வேண்டிய இடம்.

பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக் குளத்தின் விளிம்பில் குந்துங்கள். மொபைலில் கேட்டி லெடெக்கியை ஓடவிடுங்கள். 800 மீட்டரில் லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம். 1500 மீட்டரில் 2018இல் போட்ட 15:20.48 உலக சாதனை. அவர் ஸ்ட்ரோக் சமச்சீராக இருக்காது. மூச்சு வாங்கும் பக்கம் ஒரு தாளம், மறுபக்கம் ஒரு தாளம், கேலப் என்பார்கள். மூச்சே வாங்கத் தெரியாத பையனுக்கு மூச்சு வாங்கும் பக்கத்துத் தாளத்தைக் கற்றுக்கொடுங்கள்.

"டேய், வலது பக்கம் கொஞ்சம் நொண்டுற மாதிரி போடா."

"அப்பா, தண்ணி குடிச்சிட்டேன்பா."

"குடிச்சா என்ன, தலையை ஆட்டாதே. அந்தக்கா தலையில சாக்லேட் பால் டம்ளரை வச்சுக்கிட்டு நீந்துறாங்க, ஒரு சொட்டு சிந்தல."

உண்மைதான், 2020இல் வந்த வீடியோ. டம்ளரோடு ஒரு முழு நீளம் போனார். வாயில் ஸ்னார்க்கல் இருந்ததால் மூச்சுக்காகத் தலையைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பையனுக்குக் காட்டுங்கள்.

மாஸ்டர் எழுந்து வருவார். "சார், அவன் இன்னும் மிதக்கவே பயப்படுறான் சார்" என்பார். ஒன்பதாவது படியில் சேமித்த சொற்களை இப்போது எடுங்கள். "மாஸ்டர், கேட்ச்சே இல்லையே, ரொட்டேஷன் பத்தல, நீங்க ஹை எல்போ சொல்லித் தர்றதில்லையா?" மாஸ்டர் ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பிள்ளையிடம் போவார். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

மறுநாள் பையனுக்குத் தோள் வலிக்கும். நல்ல அறிகுறி, கையை நீட்டிச் சுற்றச் சொன்ன இன்னொரு வீடியோவின் பலன் அது. அன்று குளத்துக்குப் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது, பான் ஜான்லெ என்ற சீனப் பையனின் வீடியோ வரும். பாரிஸில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 46.40, இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் ஒரு வினாடிக்கு மேல் இடைவெளி. காலை விடாமல் அடிக்கிறார். பச்சை விளக்கு எரிவதற்குள் பின்சீட்டுப் பக்கம் திரும்புங்கள்.

"டேய், நேத்து சொன்னதை விடு. இன்னிக்குக் கால்."